தெரிஞ்ச கை, தெரியாத கை

அண்ணே, அந்தப் பொட்டலத்து மேல மட்டும் சாஞ்சுக்கிடாதீங்க. உள்ள கண்ணாடி இருக்கு. முகம் பாக்குற கண்ணாடிதான், ஆனா பெருசு. எங்க அக்கா வீட்டு பீரோவுல இருந்து கழட்டிட்டு வந்தது. சாயங்காலத்துக்குள்ள திரும்ப மாட்டிருவேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன். மச்சானுக்கு இன்னும் தெரியாது.

நீங்க பஸ் ஸ்டாண்டா? நானும் அங்கதான். அங்க இறங்கி காலேஜுக்கு டவுன் பஸ் புடிக்கணும். ரெண்டு மணிக்கு செமினார். நான்தான் பேசுறேன். சிரிக்காதீங்கண்ணே, நெசமாத்தான். பி.எட். படிக்கிற தொண்ணூறு பேரு உக்காந்து கேக்கப் போறாங்க. ‘வகுப்பறையில் தொழில்நுட்பம்: ஒரு புதிய முறை’ன்னு தலைப்பு. புதிய முறையக் கண்டுபுடிச்சது காளிராஜ். காளிராஜ்னா நான்தான். நோட்டீஸ் போர்டுல அப்படித்தான் போட்டிருக்கு, நானா சொல்லல.

இதுக்காக நான் பட்ட பாடு இருக்கே. போன வருஷமே முடிச்சிருக்க வேண்டியது. பிராக்டிகல் பரீட்சையில போயிருச்சு. நாற்பது நிமிஷம் பாடம் எடுக்கணும், எக்ஸ்டர்னல்னு வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்து பின்பெஞ்சுல உக்காந்து மார்க்கு போடுவாரு. போன வருஷம் நான் தேதி எழுதுனேன். தலைப்பு எழுதுனேன். தலைப்பு கோணலா இருக்குன்னு அழிச்சேன். திரும்ப எழுதுனேன். பெல் அடிச்சிருச்சு. அவ்வளவுதான் பாடம். வாயத் தொறந்தா காத்துதான் வந்துச்சு.

இந்தத் தடவையும் போச்சுன்னா மாமாவோட தீப்பெட்டி ஆபீஸ்ல போய் உக்காருன்னு அப்பா சொல்லிட்டாரு. மாமா எனக்குன்னு ஒரு நாற்காலியே போட்டு வச்சிருக்காரு. ஒவ்வொரு விசேஷத்துலயும், ‘மாப்ள, நாற்காலி காலியாத்தான் கெடக்கு’ம்பாரு. நாலு பேரு சிரிப்பாங்க. அந்த நாற்காலியில மட்டும் போய் உக்காந்துரக் கூடாதுண்ணே. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

இந்த வருஷம் எனக்கு செவக்காட்டு ஹைஸ்கூல்ல போட்டாங்க. இதே ரூட்டுதான், செவக்காட்டு விலக்குன்னு ஒரு ஸ்டாப் வரும். பதினாறு வாரம். ஏழாம் வகுப்பு அறிவியல். அங்க ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கு. எச்.எம். மங்கையர்க்கரசி மேடம் முதல் நாளே கேட்டாங்க, ‘தம்பி, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?’ன்னு. தண்ணி பட்ட பாடு மேடம்னுட்டேன்.

பொய்யில்லண்ணே. ஸ்மார்ட் போர்டப் பத்தி இருபத்திரண்டு பக்கம் ரெக்கார்டு எழுதியிருக்கேன். படம் வரைஞ்சு பாகங்களக் குறிச்சிருக்கேன், கலர் பென்சில் போட்டு. இருபதுக்குப் பதினெட்டு மார்க்கு. என்ன, நேர்ல பாத்ததில்ல. சீனியர் ரெக்கார்டப் பாத்து எழுதுனேன். அவரும் நேர்ல பாத்ததில்ல, அவரோட சீனியரப் பாத்து எழுதுனாரு.

மேடம் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க. சேலைத்துணி போட்டு மூடியிருந்துச்சு. துணிய எடுத்தா நடுவுல சந்தனம் குங்குமம், நாலு மூலையிலயும் பொட்டு. ஆயுத பூஜைக்கு வச்சதாம். அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் திரும்பத் தொறப்பாங்களாம். ரிப்பேர் ஆனா யாரு பதில் சொல்றதுன்னு பயம். ரிமோட்டு பீரோவுக்குள்ள, பாலித்தீன் கவருக்குள்ள, அதுக்கு மேல ஒரு ரப்பர் பேண்டு. மேடம் அத என் கையில குடுத்தப்ப ரெண்டு கையாலயும் வாங்குனேன்.

முதல் நாள் எல்லாம் நல்லாத்தான் போச்சு. போர்டுன்னா எழுதணும்ல, மார்க்கர எடுத்து ‘ஒளி’ன்னு எழுதுனேன். அந்த மார்க்கர் அழியாத மார்க்கர்னு கம்பெனிக்காரன் பெருசாப் போடக்கூடாதா? பொடி எழுத்துல போட்டிருக்கான். அது இன்னைக்கும் இருக்கு. தேங்காயெண்ணெய் போட்டுப் பாத்தோம், டூத்பேஸ்ட் போட்டுப் பாத்தோம், கொஞ்சம் மங்குச்சு. அப்புறம் என்ன பாடம் போட்டாலும் ஓரத்துல ‘ஒளி’ன்னு இருக்கும். நல்லவேளை நான் ஒளிப் பாடம்தான் எடுத்தேன். நான் ‘செரிமானம்’னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும், சொல்லுங்க.

ரெண்டாம் நாள் லேப்டாப்ப மாட்டுனேன். போர்டுல நீலமா இருக்கு, ஒண்ணும் வரல. நான் பாட்டுக்கு ஒயரப் புடுங்கி மாட்டுறேன், புடுங்கி மாட்டுறேன். கால் மணி நேரம் ஆச்சு. அப்ப கதவுப் பக்கத்துல இருந்து ஒரு குரல், ‘சார், ரிமோட்டுல சோர்ஸ்னு ஒரு பட்டன் இருக்கும் சார், அத அமுக்குங்க’ன்னு. அமுக்குனேன், வந்துருச்சு. எனக்குத் தெரியாம இல்ல. புள்ளைகளுக்குத் தெரியுதான்னு விட்டுப் புடிச்சேன். கற்றல்னா அப்படித்தான், அவங்களாக் கண்டுபுடிக்கணும்.

சரி, இதெல்லாம் சைடு. இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கை.

எக்ஸ்டர்னல் மொதல்ல எதப் பாப்பாரு தெரியுமா? வாத்தியார் கேள்வி கேட்டதும் எத்தனை கை மேல போகுதுன்னு பாப்பாரு. எல்லாக் கையும் போனா, ஆகா, என்ன ஆர்வம்னு மார்க்கு போடுவாரு. பாதிக் கை போனா பாதி மார்க்கு. ஆனா பதில் தெரியாத பயல எப்படிக் கையத் தூக்க வைக்கிறது? அதுக்கு ஒரு வழி இருக்கு. நம்ம பள்ளிக்கூடங்கள்ல காலங்காலமா உள்ளதுதான். உங்க வாத்தியாரும் செஞ்சிருப்பாரு. எல்லாரும் கையத் தூக்கணும். பதில் தெரிஞ்சவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையா பாத்து எழுப்புவாரு. பாக்குறவங்களுக்கு வகுப்பே தங்கம்.

நான் அதுல ஒரு சின்ன முன்னேற்றம் பண்ணேன். ஒவ்வொரு கேள்விக்கும் ‘இது நமக்குத் தெரியுமா, தெரியாதா, எந்தக் கை’ன்னு பயலுக யோசிக்கிறதுக்குள்ள பெல் அடிச்சிருது. அதனால முதல் நாளே ஆளுக்கொரு கேள்வி கேட்டேன். சொன்னவன் நிரந்தர வலது. சொல்லாதவன் நிரந்தர இடது. முப்பத்தெட்டுப் பேருல ஒன்பது வலது, இருபத்தொன்பது இடது. அதோட முடிஞ்சது, மாத்துறதே கிடையாது. எவ்வளவு ஈசியாப் போச்சு தெரியுமா? பேரு கூட ஞாபகம் வைக்க வேண்டியதில்ல. கை போதும்.

பாவமா? என்ன பாவம்? அண்ணே, நான் ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் இடது கைதான். அஞ்சு வருஷம். ஒரு வாத்தியார், ஒரு தடவை, என்னை எழுப்புனது கிடையாது. நிம்மதியாப் போச்சு. எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? இப்ப வாத்தியார் ஆகல? எழுப்பிக் கேட்டாத்தான் வாய் வராது. கேக்காட்டி எனக்கும் எல்லாம் தெரியும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நல்லாக் கவனிங்க. இதுதான் பின்னாடி என் கழுத்தப் புடிச்சது. எங்க, உங்க வலது கையத் தூக்குங்க. நல்லாத் தூக்குங்கண்ணே. இப்ப நான் உங்களுக்கு எதிர்ல நின்னு உங்களப் பாக்குறேன்னு வைங்க. உங்க வலது கை எனக்கு எந்தப் பக்கம் தெரியும்? என் இடது பக்கம். சரியா? அப்ப நான் மனப்பாடம் பண்ணி வச்சது என்ன? என் இடது பக்கம் நீட்டுற கை, தெரிஞ்ச கை. என் வலது பக்கம் நீட்டுற கை, தெரியாத கை. அவ்வளவுதான். கையக் கீழ போடுங்க, கண்டக்டர் பாக்குறாரு. இல்ல கண்டக்டரே, அவரு இறங்கல. பாடம் நடத்திட்டிருக்கேன்.

போன வாரம் வியாழக்கிழமை பரீட்சை. எக்ஸ்டர்னல் தேவசகாயம் சார். அவருக்கு ஒரே நாள்ல பதினாலு பேரப் பாக்கணும், ஊர் ஊராப் போக முடியாது, அதனால வீடியோ கால்ல பாக்குறேன்னுட்டாரு. எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம். ஆளு நேர்ல இல்லாட்டி நமக்கு வாய் வரும்ல.

டீச்சர் மேசை மேல லேப்டாப்ப வச்சேன். லேப்டாப்புல இருக்கிற கேமரா வகுப்பப் பாத்திருக்கு. லேப்டாப்புல தெரியுறது எல்லாம் பின்னாடி ஸ்மார்ட் போர்டுலயும் தெரியுது. நெட்டு மேடத்தோட போன்ல இருந்து. அத ஜன்னல் திண்டு மேல வச்சு, யாரும் பக்கத்துல போகக்கூடாதுன்னு சுத்தி நாலு செங்கல் வச்சோம்.

பத்தரை மணிக்கு சார் வந்தாரு. அண்ணே, ஸ்மார்ட் போர்டுல அவரு மொகம் எவ்வளவு பெருசு தெரியுமா? மூக்கே ஒரு முழம் இருக்கும். போர்டு ஓரத்துல ‘ஒளி’ன்னு இருந்துச்சுல்ல, அது சரியா அவரு நெத்தியில வந்து நின்னுச்சு. ‘வணக்கம், ஆரம்பிங்க’ன்னாரு. நான் வகுப்பப் பாத்துத் திரும்பப் போனேன். அப்பத்தான் உறைச்சது. திரும்புனா சாருக்கு முதுகு காட்டணும். பெரிய மனுஷன், மார்க்கு போடுற மனுஷன், அவருக்கு முதுகக் காட்டுறதா? நம்ம வளர்ப்பு அப்படியில்ல. அதனால மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, சார் மொகத்தப் பாத்து, கையக் கட்டி நின்னுக்கிட்டேன். வகுப்பு என் முதுகுக்குப் பின்னாடி.

வகுப்ப எப்படிப் பாக்குறதுன்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் தொழில்நுட்பம். போர்டுல பாதியில சாரு, மீதிப் பாதியில எங்க வகுப்பே தெரியுதே. நான் முன்னாடி, புள்ளைக பின்னாடி, கல்யாண போட்டோ மாதிரி. அதப் பாத்தே பாடம் நடத்துனேன். என்ன, பின்சுவர்ல மூணு ஜன்னல், வெயில் நேரா உள்ள வருது, அதனால புள்ளைக மொகமெல்லாம் இருட்டா இருந்துச்சு. மொகமா வேணும் நமக்கு? கை தெரியுதுல்ல. என் கையில லேசர் லைட்டு இருக்கு, போர்டுல எந்தத் தலை மேல சிவப்புப் புள்ளி விழுதோ அந்தப் புள்ளை எந்திரிக்கணும். ஆரம்பிக்கும்போதே புள்ளைககிட்டச் சொல்லிட்டேன்.

பாடம் சமதள ஆடி. நம்ம வீட்டுக் கண்ணாடிதான், பாடத்துல சமதள ஆடிம்போம். பத்து நிமிஷம் நல்லாப் பேசுனேன். வாய் வந்துச்சுண்ணே. எனக்கே ஆச்சரியம். அப்புறம் கேள்வி. ‘ஒளி எதிரொளிப்பு என்றால் என்ன?’ முப்பத்தெட்டுக் கையும் மேல போச்சு. சார் மொகத்துல ஒரு திருப்தி. நான் போர்டுல என் இடது பக்கம் நீட்டுன கையா ஒண்ணப் பாத்துப் புள்ளி வச்சேன்.

ஒரு பய எந்திரிச்சான். அப்புறம் மெதுவா, ‘சார், நான் இடது சார்’ங்கிறான்.

‘என்ன சொல்றான்?’ன்னாரு எக்ஸ்டர்னல்.

‘இடது பக்கமா உக்காந்திருக்கேன்னு சொல்றான் சார். கொஞ்சம் கூச்ச சுபாவம்.’

பயல உக்கார வச்சுட்டு அடுத்த கைக்குப் புள்ளி வச்சேன். நல்லாப் பாத்து, சத்தியமா என் இடது பக்கக் கை. இன்னொரு பய எந்திரிச்சான். எந்திரிச்சவன் பக்கத்துல இருக்கிறவனக் காட்டி, ‘சார், தெரிஞ்சது இவன் சார், இவன எழுப்புங்க’ங்கிறான்.

எனக்கு வேர்த்துருச்சு. ஒன்பது வலது கையில ஒண்ணு கூடவா மாட்டாது? பயலுக கூட்டுச் சேந்து என்னைக் கவுக்குறானுகன்னே முடிவு பண்ணிட்டேன். போர்டுல சார் பேனாவ எடுக்குறாரு. அந்தப் பேனா ஒரு கம்பு அளவுக்குத் தெரியுது. எனக்கு மாமாவோட நாற்காலி கண்ணு முன்னாடி வந்து நிக்குது. போறது போகட்டும்னு கடைசியா ஒரு கைக்குப் புள்ளி வச்சேன். ‘சமதள ஆடியில் தோன்றும் பிம்பத்தின் பண்பு ஒன்று சொல்.’

ஒரு பொம்பளப் புள்ளை எந்திரிச்சா. குரல் மட்டும் கேக்குது. ‘இடவல மாற்றம் சார். நம்ம இடது கையத் தூக்குனா, கண்ணாடிக்குள்ள இருக்கிற ஆளு வலது கையத் தூக்குற மாதிரி இருக்கும் சார்.’

அப்பாடான்னு இருந்துச்சு. நம்ம வலது கை ஒண்ணு மாட்டிருச்சுன்னு நினைச்சேன். சார் மொகம் மலந்துருச்சு. ‘வெரி குட். வாழ்க்கையில இருந்து ஒரு உதாரணம் சொல்லும்மா.’ ஆம்புலன்ஸ்ல எழுத்து திருப்பி எழுதியிருக்கும்ல, அதுதான் புத்தகத்துல உள்ள பதில். அத எல்லாருக்கும் எழுதிப் போட்டிருக்கேன். அவ அதச் சொல்லல.

‘இப்ப போர்டுல எங்க வகுப்பு தெரியுதுல்ல சார், அதான். நான் இடது கையத்தான் தூக்குனேன். போர்டுல வலது கை மாதிரி தெரியுது. இது கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டுது சார். பாவம், சார் அதப் பாத்துட்டு...’

அதோட நிறுத்திட்டா.

அண்ணே, அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நான் அது வரைக்கும் எழுப்புனது பூராம் இடது கை. என் கூடப் படிக்கிற சுகந்தி அப்புறமா விளக்குனா. வீடியோ கால்ல நம்மள நமக்குக் காட்டும்போது மட்டும் கண்ணாடி மாதிரி மாத்திக் காட்டுமாம். எதிர்ல இருக்கிறவருக்கு நேராத்தான் தெரியுமாம். ‘நீ நடத்துன பாடமே அதுதானடா’ன்னு சொல்லிச் சிரிச்சா. நான் பாடம் நடத்துற மும்முரத்துல இருந்தேன், பாடத்தக் கவனிக்க முடியுமா?

எதிர்ல இருக்கிறவருக்கு நேராத் தெரியுமா, அப்ப தேவசகாயம் சாருக்கு ஆரம்பத்துல இருந்தே தெரிஞ்சிருக்கு. அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டு, ‘அதான் நானும் பாக்குறேன். ஏம்மா, இவ்வளவு அழகாப் பதில் சொல்ற புள்ளை எதுக்கு இடது கையத் தூக்குற? இங்க முக்கால்வாசிப் பேரு இடது கையத்தான்...’

அப்படியே நின்னுட்டாரு. வாய் தொறந்தபடி. மேடத்தோட போனுக்கு அவங்க நாத்தனார் கூப்புட்டிருக்காங்க. கால் வந்தா நெட்டு நின்னுரும். செங்கல் வச்சோம், கால் வரும்னு யோசிக்கல.

அப்பத்தான் நான் முதல் தடவையா வகுப்பத் திரும்பிப் பாத்தேன். மூணாவது பெஞ்சு, கதவு ஓரம். அந்தப் புள்ளை இன்னும் நின்னுட்டிருக்கு. ரெட்டை ஜடை, ஒரு ஜடையில ரிப்பன் அவுந்து தொங்குது. ‘ஏய், இடது கை, சார் வந்ததும் என்ன சொல்லப் போற?’ன்னு கேட்டேன்.

‘நீங்க என்ன சொல்லச் சொல்றீங்களோ அதச் சொல்றேன் சார்’னா.

எனக்கு ஒண்ணும் தோணலண்ணே. போன வருஷம் மாதிரியே. வாயத் தொறந்தேன், காத்து வந்துச்சு. பின்னாடி போர்டுல சார் வாயத் தொறந்துட்டு நிக்கிறாரு, முன்னாடி நான் வாயத் தொறந்துட்டு நிக்கிறேன். புள்ளைக முப்பத்தெட்டும் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாக்குதுக. வராண்டாவுல நின்ன மேடம் ஓடி வந்து போன எடுத்துக் கட் பண்ணி விட்டாங்க. சார் உசுரு வந்து, ‘...தூக்கியிருக்கீங்க, ஏன்?’னு முடிச்சாரு.

அந்தப் புள்ளை நிமுந்து நின்னுச்சு. ‘சார்தான் சொன்னாரு சார். எல்லாரும் ஒரே கையத் தூக்குனா கண்ணாடியில என்ன மாறுதுன்னு கண்டுபுடிக்க முடியாதுல்ல சார். அதான் எங்களக் கொஞ்சப் பேர வலது, கொஞ்சப் பேர இடதுன்னு பிரிச்சு விட்டாரு. முதல்ல எந்திரிச்சவன் நான் இடதுன்னு சொன்னான்ல, அது இதுதான் சார். போர்டுல மாறித் தெரியுறத நாங்களாக் கண்டுபுடிக்கணும்னு சார் வேணும்னே திரும்பாம நின்னாரு.’

சார் பேனாவ மூடி வச்சுட்டுக் கையத் தட்டுனாரு. ‘மிஸ்டர் காளிராஜ், முப்பது வருஷத்துல இப்படி ஒரு பாடம் நான் பாத்ததில்ல. வகுப்பையே கண்ணாடிக்கு முன்னாடி நிறுத்திட்டீங்க. அதுலயும் மெல்லக் கத்துக்கிற புள்ளைகளா பாத்துப் பாத்து எழுப்புனீங்களே, அதுதான் ஆசிரியர் மனசு’ன்னாரு. அம்பதுக்கு நாற்பத்தெட்டு. காலேஜ் முழுக்கப் பேச்சு. பிரின்சிபாலே கூப்பிட்டு, இத எல்லாருக்கும் செஞ்சு காட்டுங்கன்னுட்டாரு. அதுக்குத்தான் இந்தக் கண்ணாடி. அப்பா மாமாவுக்குப் போன் போட்டு, நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு சொல்லிட்டாரு.

நல்லா யோசிச்சுப் பாத்தா, கொஞ்சம் டைம் கிடைச்சிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். முறை என் முறைதான. பிரிச்சு வச்சது நான்தான. அவ வாயில வந்துச்சு, அவ்வளவுதான்.

ஆனாலும் வாத்தியார்னா கண்டிக்கணும். வகுப்பு முடிஞ்சதும் அவளக் கூப்பிட்டு, ‘பெரியவங்ககிட்டப் பொய் சொல்றது தப்பு’ன்னு சொன்னேன். ‘சரி சார்’னா. ‘பதில் தெரியும்ல, அப்புறம் எதுக்கு இடது கை?’ன்னேன். ‘நீங்கதான சார் என்னை இடதுல போட்டீங்க. முதல் நாள் கேட்ட கேள்வி மட்டும்தான் சார் எனக்குத் தெரியாது’ங்கிறா. ‘மத்ததெல்லாம் எப்படித் தெரியும்?’னேன். ‘இடது கைய நீங்க எழுப்ப மாட்டீங்கல்ல சார், அதனால பயமில்லாம கவனிக்கலாம்’னா. அதச் சொல்லும்போது அந்தக் குரல எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. சோர்ஸ் பட்டன். கதவு ஓரம். இவதான்.

அப்படியே போயிருக்கலாம்ல. போகல. நின்னுட்டு, ‘சார், நாளையில இருந்து நான் எந்தக் கை சார்?’னு கேட்டா.

‘போ, போய் ரிப்பனக் கட்டு’ன்னு அனுப்பிட்டேன். அஞ்சு நாளாச்சு, செமினார் வேலையில பள்ளிக்கூடத்துப் பக்கமே போகல. நாற்பத்தெட்டு மார்க்கு வாங்குனவன் சந்தோஷமா இருக்கணும்ல? இல்லண்ணே. சாப்பிட உக்காந்தா அந்தக் கேள்வி வந்து உக்காந்துக்கிடுது. எனக்கும் பத்தாவது படிக்கும்போது அப்படிக் கேக்கணும்னு இருந்துச்சு. ஏழெட்டுத் தடவை எந்திரிக்கப் பாத்தேன். வாய் வரல. இவளுக்கு எப்படி வந்துச்சுன்னு ஒரு பக்கம் பொறாமையா இருக்கு. அழுகையாவும் இருக்கு, எதுக்குன்னு தெரியல.

அத விடுங்க. என் கொறையே வேற. காலேஜுல ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, செமினாருக்கு முன்னாடி நிரப்பிக் குடுக்கணும். முறையின் பெயர், நிரப்பிட்டேன். கண்டுபிடித்தவர், நிரப்பிட்டேன். பயன்படுத்திய கருவிகள், அதுக்கு ரெண்டு பக்கம் தனியா ஒட்டியிருக்கேன். கடைசியில ஒரு கட்டம். ‘செயல்பாட்டில் சிறப்பாகப் பங்கேற்ற மாணவர் பெயர்.’

அவ பேரு எனக்குத் தெரியாதுண்ணே.

என் ரெக்கார்டுல எழுதி வச்சிருக்கிற அட்டெண்டன்ஸப் பாத்தேன். பத்தொன்பது பொம்பளப் புள்ளைக பேரு இருக்கு. தினமும் நான்தான் கூப்பிடுறேன், ‘உள்ளேன் ஐயா’ன்னு சத்தம் வருது, தல நிமுந்தா பாத்தேன்? மேடத்துகிட்டக் கேக்கலாம், பதினஞ்சு வாரம் பாடம் எடுத்துட்டுப் பேரு தெரியாதான்னு கேட்டுட்டா? அதனால கட்டத்துல நான் என்ன எழுதியிருக்கேன்னு பாருங்க. இந்தா. ‘மூணாவது பெஞ்சு, கதவு ஓரம், இடது கை.’ நல்லாவா இருக்கு? பென்சில்லதான் எழுதியிருக்கேன்.

என்னது, செவக்காட்டு விலக்கா? அதுக்குள்ளயா? கண்டக்டரே, ஒரு நிமிஷம், இறக்கம் இருக்கு. ஆமா, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், பரவாயில்ல. மணி பதினொண்ணுதான ஆகுது. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்தாலும் ரெண்டு மணிக்குப் போயிரலாம். வேற ஒண்ணுக்கும் இல்லண்ணே, ஃபார்ம்ல ஒரு கட்டம் ஒழுங்கா இல்லாமக் கெடக்கு, அதுக்குத்தான்.

அந்தக் கண்ணாடிய எடுத்துக் குடுங்க. பாத்து, பாத்து. என்னைப் பாத்ததும் மறுபடியும் எந்தக் கைன்னு கேப்பா, விடமாட்டா. என்ன சொல்றதுன்னு இப்ப முடிவு பண்ணிட்டேன். அவள வலது கைக்கு மாத்திட்டேன்னு சொல்லிரப் போறேன். சந்தோஷப்படுவா, இல்லண்ணே?